தோல் ஆறியது, தொடை தளர்ந்தது

பெம்பிகஸ் என்னும் கொப்புள ரோகம் கண்டவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை என்றிருந்த நிலையை மாற்றி, ஜீவனை மீட்டுக் கொடுத்த உபகாரம் ஸ்டீராய்டு ஔஷதத்தையே சாரும். தினந்தோறும் மாத்திரை விழுங்குவதன் கேடுகளைக் குறைக்கக் கருதி, 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா வகுத்த முறைப்படி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, மூன்று நாட்கள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டை ஊசி வழியே ஏற்றும் சிகிச்சை தேசமெங்கும் பரவிற்று. இந்த மருந்தைத் தூஷிக்க நான் முற்படவில்லை. அது தசைக்கு இழைக்கும் தீங்கைக் கவனிப்பாரில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

புனேயில் ஆகட்டும், வேறெங்கும் ஆகட்டும், தோல் வியாதிக்காக மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர், தரையில் அமர்ந்து பூஜை முடித்து எழுகையில் ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் கட்டில் காலைப் பற்றிக்கொள்வதையும், பஸ்ஸின் முதற்படியில் கால் வைக்கத் தயங்குவதையும், புனேயின் பார்வதி குன்றுக்கு வழக்கமாகப் போனவர் அடிவாரத்தோடு திரும்பிவிடுவதையும் கண்டால், வீட்டார் 'வயசாச்சு' என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறார்கள். வலியில்லாமல், சிறுகச் சிறுகத் தொடையையும் இடுப்பையும் தளர்த்துவதே இந்த உபாதையின் இயல்பு. தசையின் புரதத்தைச் சிதைத்து, புதிதாய் உண்டாவதையும் மருந்து தடுத்துவிடுகிறது. தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனையும் இதில் பெரும்பாலும் இயல்பாகவே இருந்துவிடுவதால், ரிப்போர்ட்டை மட்டும் நம்புகிறவர் ஏமாந்து போகிறார். டெக்ஸாமெதஸோன், ட்ரையாம்சினொலோன் போன்றவற்றில் இந்த அபாயம் கூடுதல்.

மருத்துவர் அளவைக் குறைக்க முடிந்தால், வாரங்களிலோ மாதங்களிலோ பலம் பெரும்பாலும் திரும்பும். அளவான தேகப்பயிற்சியும் துணை செய்யும். ஆனால் நோயாளி பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. நெடுநாள் ஸ்டீராய்டு உண்ட தேகம் தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை மறந்திருக்கும். பழைய சீட்டைக் காட்டியோ காட்டாமலோ மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குவது அதனினும் பெரிய அநீதி; ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ள இந்த மருந்தைச் சீட்டின்றி விற்பது சட்ட விரோதம்.

தோல் மருத்துவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. ஒவ்வொரு முறையும் கொப்புளத்தைப் பார்த்த பின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டும்படி நோயாளியைக் கேளுங்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.