ஏன் ஆர்ட்ஸ் எடுத்தனீங்கள்?

கம்பசுக்கு வந்த முதல் கிழமையில் எங்களிடம் எல்லாரும் கேட்டது மூண்டு கேள்வி. எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? ஏன் ஆர்ட்ஸ்? முதல் ரெண்டுக்கும் நாங்கள் சொன்ன பதிலுக்குள்ளேயே மூண்டாவதுக்கும் பதில் கிடந்தது. கேட்டவைக்குத்தான் அது விளங்கேல்லை.

இலங்கையில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பிரிவும் இல்லை. 1ஏபி பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிக்கலாம். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் ஓஎல்லோடு சரி. எங்களில் கனபேர் 1சியிலிருந்து வந்தவர்கள். ஓஎல்லில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த ஒருத்தி எங்களோடு படிக்கிறாள். பயோ படிக்க அவள் ரெண்டு பஸ் மாறி ரவுணுக்குப் போகவேணும். பின்னேர ரியூசன் முடிய முதலே ஊருக்கான கடைசி பஸ் போய்விடும். போடிங்கில் விட வீட்டில் காசில்லை. காசு இருந்திருந்தாலும், ‘பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடுறதோ’ என்று அம்மம்மா சொல்லிப்போட்டா. அதனால் புவியியல், தமிழ், இந்து நாகரிகம். அந்த மூண்டுக்கும்தான் அங்கே ரீச்சர்மார் இருந்தார்கள். இதைத்தான் எங்கட சமூகம் ‘அவள் ஆர்ட்ஸைத் தெரிவு செய்தாள்’ என்று சொல்லுது.

ரவுண் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிவு இருந்ததோ? எங்கட பற்ச்சில் ஒருவன் ரெண்டு தரம் பயோ எடுத்து, மூண்டாம் தரம் ஆர்ட்ஸ் எடுத்து வந்தவன். மூண்டு தரத்துக்கு மேல் கம்பஸ் அனுமதிக்காக ஏஎல் எடுக்க ஏலாது. அந்த வருசங்களில் சொந்தக்காரரின் கலியாண வீடுகளுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகேல்லையாம். ‘றிசல்ற் கேப்பினம்’ என்று அம்மா சொன்னாவாம். எட்டாம் வகுப்பிலிருந்தே அவனுக்குச் சரித்திரம்தான் விருப்பம். அதை வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. (எட்டாம் வகுப்பில் சரித்திரத்துக்குக் கூடப் புள்ளி எடுத்தால் எங்கட வீடுகளில் ‘மற்ஸுக்கு எவ்வளவு?’ என்றுதான் கேட்பார்கள்.)

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது தமிழ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த அநியாயத்தை மேடைக்கு மேடை இன்றைக்கும் பேசுகிறோம், பேசத்தான் வேணும். ஆனால் அதே வாயால்தான் முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளையைப் பார்த்து ‘அவை கோட்டாவில வந்தவை’ என்கிறோம். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் மட்டும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 5 வீதம் உறுத்துகிற ஆட்களுக்கு, பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடம் உறுத்தவில்லை. கொழும்பு எங்களுக்குச் செய்தால் அநியாயம், ரவுண் கிராமத்துக்குச் செய்தால் ‘திறமை’. இந்தக் கணக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை.

ஆர்ட்ஸ்தான் பெரிசு என்று நாங்கள் சண்டைக்கு வரவில்லை. எங்கட பீடத்தில் பழைய நோட்ஸை வாசித்துவிட்டுப் போகும் விரிவுரைகளும் இருக்கு. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம். 2017இல் வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்கில் றோட்டோரம் இருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டி ‘பாத்தியோ, ஆர்ட்ஸ் படிச்சவையின்ர கதியை’ என்று எங்களுக்குப் புத்தி சொல்லுகிறவர்களிடம் நாங்களும் ஒன்று கேட்கிறோம். வேறொரு பிரிவும் இல்லாத பள்ளிக்கூடத்தில் 16 வயதில் கொண்டுபோய் விட்டது ஆர்? ரெண்டு தரம் பயோ எடுக்க வைத்து, கடைசியில் ‘சரி, ஏதாவது ஒரு டிகிரி’ என்று விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையைத் தாங்களே போட்டது ஆர்?

பழைய மாணவர் சங்கங்கள் ரவுண் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மண்டபம் கட்டக் காசு சேர்க்கின்றன. அந்தக் காசில் 1சி பள்ளிக்கூடங்களிலிருந்து ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஒரு வான் விடலாம். விஞ்ஞானப் பிரிவு தொடங்கு, ஆசிரியரை அனுப்பு என்று மாகாணக் கல்வித் திணைக்களத்தின் வாசலில் போய் நிற்கலாம். நாங்கள் வருவோம்.

அந்தப் பிள்ளையின் தம்பி இந்த வருசம் ஓஎல் எடுக்கிறான். அவனுக்கும் விஞ்ஞானம் நல்லா ஓடும். கடைசி பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் வெளிக்கிடுது.