ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது

மெட்டா நிறுவனத் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் அவர்களுக்கு,

திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிட அந்தப் பக்கம் காரில் வந்தது. அத்திமூர் அருகே வழி கேட்க நிறுத்தினார்கள். அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஊர் திரண்டுவிட்டது. அடி தாங்காமல் அந்த அம்மா செத்துப்போனார்.

அதற்குச் சில வாரம் முன்பிருந்தே எங்கும் இதே பேச்சு. எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று பதறும் ஆண் குரல். யார் பேசுகிறார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, டீ ஆறுவதற்குள் தங்கைக்கு அனுப்பிவிட்டேன்.

அடித்தவர்கள் ஊர்க்காரர்கள். அந்தப் பழியை உங்கள் தலையில் கட்ட வரவில்லை. கேட்க வந்தது வேறு.

அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி செய்தீர்கள். 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒருமுறைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றீர்கள். அப்படிப்பட்ட பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக உங்கள் நிறுவனமே சொன்னது. ஆட்கள் ஓடிப்போனார்களா? 2018 தொடக்கத்தில் 150 கோடிப் பேர். 2020 பிப்ரவரியில் 200 கோடி. கூட்டம் சேர வேண்டுமென்றால் கொஞ்சம் விஷமும் சேரத்தான் செய்யும் என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஃபேஸ்புக்கிலும் இதே கதைதான். 2017இல் கோப முகத்துக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தீர்கள். வம்பு இழுக்கிற பதிவெல்லாம் மேலே ஏறியது. 2020 செப்டம்பரில் அதைப் பூஜ்யம் ஆக்கினீர்கள். அதற்குப் பிறகும் ஃபேஸ்புக் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ஒரு கதவை அடைத்த கை இன்னொன்றைத் திறக்கிறது. 2022இல் வாட்ஸ்அப் குழுவின் அளவு 256இலிருந்து 1,024 ஆனது. 2023இல் சேனல் வந்தது. அதில் பின்தொடர்வோருக்குக் கணக்கே இல்லை. திறப்பதற்கு முன்னால், போளூர் டீக்கடையில் இது எப்படி ஓடும் என்று யாராவது யோசித்தார்களா?

என் கோரிக்கை சின்னது. ஒரு வட்டாரத்தில், ஒரு மொழியில் வதந்தி பற்றிக்கொள்ளும்போது அங்கே மட்டும் பகிர்வை உடனே இறுக்குங்கள். பிணம் விழுந்த பிறகு அல்ல. அதைக் கண்டுபிடிக்க, ஆரணிப் பேச்சும் மதுரைப் பேச்சும் காதில் விழுந்தால் புரிகிற ஆட்கள் உங்களுக்கு வேண்டும்.

பதில் எழுதுவதாக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். அப்படி எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கைக்கு அனுப்பியவன்