திரும்பும் முன் சொல்லுங்கள்!

பொழுது புலருமுன்பே தாராவியில் இருந்து இட்லி வியாபாரிகளின் சைக்கிள்கள் புறப்பட்டு விடுகின்றன. கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம். அதில் இட்லி, வடை. பக்கத்தில் சட்னி, சாம்பார் தூக்கு. அன்றைய முதல் முழுவதும் அந்தச் சைக்கிளின் மேல்தான் இருக்கிறது.

அவருக்கு முன்னே செல்லும் டாக்சி, எந்தச் சைகையும் காட்டாமல் இடது பக்கம் ஒடித்து நின்றால் என்ன ஆகும்? டாக்சிக்கு ஒரு கீறல். சைக்கிள்காரருக்கோ முழங்காலும் போச்சு, முதலும் போச்சு!

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் பாதசாரிகள் மட்டும் 32 ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் சைகை காட்டாததே காரணம் அல்ல. ஆனால் ஒரு விரல் அசைவில் தவிர்க்கக் கூடிய விபத்துகளும் உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிரைவர் உரிய நேரத்தில் உரிய சைகை காட்ட வேண்டும் என்கிறது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-வது பிரிவு. விளக்கு பழுது என்று சாக்குச் சொல்ல முடியாது. கை இருக்கிறதே! வலப்புறம் திரும்ப வலது கையை நேராக நீட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்க, நீட்டிய கையை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்கையை மேல்நோக்கி உயர்த்த வேண்டும். லைசென்ஸ் வாங்கும்போது படித்த பாடம்தான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பாடம் மறந்து போகிறது.

"விளக்குப் போட்டேனே!" என்று வாதாடுவோரும் உண்டு. எப்போது போட்டார்? ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டே போட்டார்! 40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்து விடும். பின்னால் வருபவர் பிரேக் பிடிக்க அவகாசம் வேண்டாமா?

வண்டியை எடுக்கும்போதும் இதே கதைதான். புறநகர் ரயிலில் கார்டு இரண்டு மணி கொடுத்த பிறகே மோட்டார்மேன் வண்டியை நகர்த்துகிறார். பஸ்சில் கண்டக்டரின் 'டபுள் பெல்' எல்லோருக்கும் தெரிந்ததே. ஓரத்தில் நிற்கும் கார் மட்டும் சைகையும் இல்லாமல், பின்னால் பார்க்காமலும் சாலைக்குள் பாய்வது என்ன நியாயம்?

பயணிகளுக்கும் பங்கு உண்டு

டிரைவரை மட்டும் குறை கூறிப் பயன் இல்லை. வீட்டு வாசல் வந்த பிறகு, "பஸ், பஸ், இதர் ரோகோ!" என்று கத்தும் பயணி, டிரைவருக்குச் சைகை காட்ட நேரமே கொடுப்பதில்லை. இறங்கும் இடத்தை நூறு அடிக்கு முன்பே சொல்லிவிட்டால் என்ன நஷ்டம்? கதவைத் திறக்குமுன் பின்னால் ஒரு பார்வை பார்த்தால் என்ன குறைந்து விடும்?

சைகை காட்டுவது போலீஸ்காரருக்காக அல்ல, பின்னால் வருபவருக்காக. அவர் வீட்டிலும் அவருடைய வருகைக்காகப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். டாக்சி, டெம்போ ஓட்டும் நம்மவர்கள் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும். இருப்பார்களா?