சத்தம் வந்தால் சரியாகிவிட்டதா?

பூண்டு மூட்டை தூக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பூம்பாறையில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "எலும்பு விலகியிருக்கும்ணே. கொடைக்கானல்ல ஒருத்தர் வந்திருக்காரு. நாலு திருகு, சடசடன்னு சத்தம், எந்திரிச்சு நடந்திரலாம்." கூடவே செல்போனில் ஒரு வீடியோ. ஒருவர் கழுத்தை இன்னொருவர் திருகுகிறார், மைக் வைத்துப் பிடித்த சத்தம் கேட்கிறது. "பார்த்தீங்களா, உட்கார்ந்திருச்சு!"

எது உட்கார்ந்தது? உங்கள் விரலை மடக்கி ஒரு சொடக்கு எடுங்கள். சத்தம் வருகிறதல்லவா? அந்த விரல் எலும்பு காலையிலிருந்து விலகியா கிடந்தது? மூட்டுக்குள் திரவம் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது அழுத்தம் குறைந்து அதில் வாயுக் குமிழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் சொடக்கை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தே படம்பிடித்துக் காட்டினார்கள். அதே விரலில் உடனே இன்னொரு சொடக்கு எடுத்தால் வராது. சுமார் இருபது நிமிடம் கழித்து வரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எலும்பு விலகி விலகி உட்காருகிறதோ?

முதுகையும் கழுத்தையும் திருகும் இந்த வித்தைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர், காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தள்ளினாராம், காது கேட்டுவிட்டதாம். காது நரம்பு முதுகெலும்புப் பக்கமே போவதில்லை. இருந்தாலும் கடை ஓடியது, இன்றும் ஓடுகிறது. "எத்தனை தடவை வரணும்?" என்று கேட்டால் "பத்து சிட்டிங்" என்பார்கள். எலும்பு முதல் நாளே உட்கார்ந்துவிட்டதென்றால் மிச்சம் ஒன்பது எதற்கு? விரலுக்கு யாரும் பத்து சிட்டிங் போவதில்லையே!

"ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கியிருக்கே" என்பார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்குப் பிதுக்கம், எண்பது வயதில் நூற்றுக்கு எண்பத்துநான்கு பேருக்கு. சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்த நேரம் பார்த்துத் திருகியவருக்குப் புகழ் போய்ச் சேருகிறது.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நான் குறை சொல்லவில்லை. சுகமாக இருக்கும், கொஞ்ச நேரம் வலி அடங்கும். கழுத்தைத் திருகுவது வேறு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கழுத்தெலும்புக்குள் நுழைந்துதான் மேலே ஏறுகின்றன. வெடுக்கென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2017இல் டெல்லிப் பக்கம் சலூனில் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்ட 54 வயதுக்காரருக்கு, மூச்சு விடும் தசையின் நரம்பு கெட்டு, செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டியதாயிற்று. அவருக்கும் சத்தம் நன்றாகத்தான் வந்திருக்கும்.

இந்த மோகம் பெரியவர்களோடு நிற்கிறதா? "உரம் விழுந்திருக்கு" என்று பச்சைக் குழந்தையை வேட்டியில் போட்டு உருட்டுகிறோம். கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்குமுன் புத்தூர் கட்டு போர்டைத் தேடுகிறோம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெருவுக்குத் தெரு மசாஜ் பலகை. பூண்டு சுமந்து இடுப்பொடிந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வலி மாத்திரைதான். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியது. அது எங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்க டீக்கடையில் ஒருவருக்கும் வாய் வராது. திருகுகிறவர் எந்த லாட்ஜில் தங்கியிருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி யாராவது உங்கள் முதுகில் கை வைக்குமுன் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கழுத்தை மட்டும் எவரிடமும் திருகக் கொடுக்காதீர்கள். சத்தம்தான் வேண்டுமென்றால் கையில் பத்து விரல் இருக்கிறது, செலவில்லை.