மருந்துப் பெயரில் மயக்கம் கூடாது

ஒருவர் நெடுங்காலம் உழைத்துத் தேடிய நற்பெயரை மற்றொருவர் தமது சரக்கின் மேல் ஒட்டி விற்பாரானால், அந்த அநியாயம் பெயருக்கு உரியவரை மட்டுமன்றி, அதை நம்பிக் காசு கொடுத்தவரையும் சேர்த்தே பாதிக்கிறது. வர்த்தகச் சின்னச் சட்டத்தை முதலாளிகளின் பரஸ்பர வியாஜ்ஜியமாகவே பார்த்துப் பழகிவிட்டபடியால், வாங்குபவரின் நஷ்டம் அதிகம் பேசப்படுவதில்லை. 1999ஆம் வருஷத்துச் சட்டம் பதிவான சின்னங்களுக்குக் காவலாய் நிற்பதோடு, பதிவாகாத பெயரேயானாலும், தம் சரக்கைப் பிறர் சரக்கென்று காட்டி விற்போரைத் தடுக்கும் பழைய உரிமையையும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

பெயர்கள் மயக்குமா என்பதை யாருடைய கண்கொண்டு பார்ப்பது? 1962இல் ‘அமிர்ததாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரு மருந்துப் பெயர்களின் வழக்கைத் தீர்த்த சுப்ரீம் கோர்ட்டு, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகச் சோதிக்கும் பண்டிதரின் கண்ணை விடுத்து, என்றோ கேட்ட பெயரை அரைகுறையாக ஞாபகம் வைத்துக்கொண்டு கடைக்கு வரும் சாமானியரின் கண்ணையே அளவுகோலாகக் கொண்டது. நியாயமான அளவுகோல் அது.

‘ஃபால்ஸிகோ’, ‘ஃபால்ஸிடாப்’ வழக்கில் 2001இல் இந்த அளவுகோல் மேலும் கூர்மை பெற்றது. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான மருந்துகள் இரண்டும். உள்ளிருக்கும் சரக்கோ வெவ்வேறு. இவை ஆஸ்பத்திரிகளுக்கே விற்கப்படுகின்றன, வைத்தியர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற வாதத்தைக் கோர்ட்டு ஏற்கவில்லை. வைத்தியரும் மனிதரே, அவசரத்தில் கிறுக்கிய சீட்டு, தொலைபேசியில் சொன்ன பெயர், பல பாஷைகள் வழங்கும் நாட்டில் அப்பெயர் அடையும் உச்சரிப்பு பேதம் ஆகியவற்றுக்கிடையே ஓரெழுத்துப் பிசகினாலும் நோயாளியின் பிராணனுக்கே அபாயம் நேரலாம். ஆகையால் மருந்துக்கு அனுமதி கேட்பவரிடம் வர்த்தகச் சின்னப் பதிவாலயத்தின் அதிகாரபூர்வமான தேடல் அறிக்கையை மருந்து அதிகாரிகள் கேட்டு வாங்குவது தகும் என்று அந்தத் தீர்ப்பே யோசனை கூறிற்று.

பதினெட்டு வருஷங்கள் கழிந்து, 2019இல் வந்த விதித் திருத்தம் கேட்டதெல்லாம் ஓர் உறுதிமொழிப் பத்திரந்தான்! தாமே தேடிப் பார்த்ததாகவும், தமக்குத் தெரிந்தவரை ஒத்த பெயர் வழக்கில் இல்லையென்றும் உற்பத்தியாளர் எழுதிக் கொடுத்தால் போதுமாம். தம் பெயர் எதையும் ஒத்ததன்று என்று சொல்வதில் லாபமடையக்கூடியவரின் கையிலேயே அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஒப்படைப்பது காவலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

நோயின் பெயரையோ மருந்துச் சரக்கின் பெயரையோ தழுவியே மருந்துகளுக்குப் பெயரிடுவதால் முதல் எழுத்துகள் ஒத்திருப்பது இயற்கை என்றும், அவ்வெழுத்துகளை ஒருவரே தமதாக்கிக்கொள்ள முடியாது என்றும் தொழிலதிபர்கள் கூறுவதில் உண்மை உண்டு. அப்படியானால் பெயரின் எஞ்சிய பாகம் ஐயத்துக்கு இடமின்றி வேறுபட வேண்டுமென்று கேட்பதும் நியாயந்தானே? காலதாமதம் என்ற ஆட்சேபமும் நிற்காது. ஒரு தேடல் அறிக்கைக்குக் காத்திருக்கும் நாட்கள், மருந்தொன்றை உருவாக்கப் பிடிக்கும் வருஷங்களுக்கு முன் எம்மாத்திரம்?

மத்திய சர்க்கார் விதியைத் திருத்தி, பதிவாலயத்தின் அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். பதிவாகாத மருந்துப் பெயர்கள் அவ்வறிக்கையில் அகப்படாவாகையால், தேசமெங்கும் விற்பனையிலுள்ள பெயர்கள் அனைத்தையும் கொண்ட பொதுப் பட்டியலையும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரியே பரிசீலிக்க வேண்டும். இவ்விரண்டும் கோப்பில் சேரும்வரை எந்தப் புதுப் பெயருக்கும் அவர் கையெழுத்திடலாகாது.