பேனரில் யார் முகம் பெரிது?

வரைகலை வடிவமைப்பு என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நடக்கும் வேலை என்றுதான் நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கள் ஊர் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் பாதை நெடுக அன்னதான பேனர், ஆசிரமப் பலகை, மனை விற்பனை விளம்பரம், கட்சிக்காரர்களின் வரவேற்பு. ஊருக்குள் நுழைந்தால் காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. பிறப்பிலிருந்து சாவு வரை ஃபிளெக்ஸ் இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடப்பதில்லை. கிராமத்துப் பிள்ளைகள் அன்றாடம் பார்த்து வளரும் வடிவமைப்பு இதுதான். அதனால் இது என்ன கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் மாணவர்களிடம் ஒரு பேனர் படத்தைக் காட்டுவோம். எழுத்தைப் படிக்காதே, பார்த்தே சொல் என்போம். யார் தலைவர், யார் காசு கொடுத்தவர், எந்தச் சாதி என்ற மூன்று கேள்விகளுக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையே பதில் சொல்லிவிடும். தலைவர் முகம் ஆளுயரம். காசு கொடுத்தவர் கைகூப்பி நிற்பார். கீழ் வரிசையில் தபால்தலை அளவில் இருபது முகங்கள். சாதியைச் சொல்ல இரண்டு நிறங்கள் சேர்ந்து நின்றாலே போதும். கூடவே வாளும் சிங்கமும் முறுக்கிய மீசையும் இருக்கும்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரிலிருந்து சாதியை எடுத்தார்கள். அந்தச் சாதி இப்போது நிறத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டும் கயிற்றிலும் அதே நிறக் கணக்குதான். 2019இல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களும் இருந்தார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நிறம் வெறும் அழகு விஷயம் என்று இனியும் யாராவது சொன்னால் அவர்களுக்கு நாங்குநேரியைத்தான் காட்டவேண்டும்.

இந்தப் பேனர்களைச் செய்வது யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து சாதிச் சங்கத்துக்கு வாளும் சிங்கமும் வெட்டி ஒட்டித் தருபவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டை அடித்துச் சட்டம் கட்டிக் கம்பத்தில் ஏறுவதும் அவர்களே. கைத்தொழில் தெரிந்த நம் பிள்ளைகள்தான் தம்மைச் சிறுமைப்படுத்தும் படத்துக்கும் வேலை செய்து கொடுக்கிறார்கள். டெலிகிராமில் இலவசமாகச் சுற்றும் பி.எஸ்.டி. கோப்பு ஒன்றை இறக்கி, முகத்தை மாற்றி, அச்சுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. ஏப்ரல் 14 வரும்போது அதே கோப்பில் சிங்கத்தை எடுத்துவிட்டுச் சிறுத்தையை வைக்கிறோம். மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை ஊற்றுகிறோம். ஆளுயரத் தலைவரும் தபால்தலை முகங்களும் அப்படியேதான் நிற்கின்றன. அம்பேத்கரே பல பேனர்களில் மூலையில் ஒதுங்கிவிடுகிறார்.

"அவர்கள் வைக்கலாம், நாம் வைக்கக்கூடாதா?" என்று தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊர்த் தெருவில் நடக்கவே விடாதவர்களுக்கு முன்னால் நம் முகம் பெரிதாக நிற்பது ஓர் உரிமைப் பிரகடனம். நம் பேனருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள், பக்கத்துப் பேனரைக் கண்டுகொள்வதில்லை என்ற புகாரைப் பல ஊர்களில் கேட்கிறோம். அந்தப் பாகுபாட்டை எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், திருமணத்துக்குக் கட்சிக்காரர் வைத்த பேனர் சரிந்து 23 வயதுப் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்ததையும் மறக்கமுடியாது. அவர்கள் செய்யும் அநியாயத்தில் நமக்கும் பங்கு கேட்பது சமத்துவம் ஆகாது.

வடிவம் யார் கையில் இருக்கிறதோ அர்த்தமும் அவர்கள் கைக்குப் போகும். 2022 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சி ஒட்டிய சுவரொட்டியில் அம்பேத்கருக்குக் காவிச் சட்டை, நெற்றியில் திருநீறு, குங்குமம். 1956இல் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய மனிதரை மாற்ற, கணினியில் சில நிமிட வேலை போதுமாக இருந்தது. 2018இல் உத்தரப்பிரதேசத்தின் படாயூனில் உடைக்கப்பட்ட அம்பேத்கர் சிலைக்குப் பதில் காவிக் கோட்டோடு ஒரு சிலையை வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்து மீண்டும் நீலம் பூசப்பட்டது. நாம் கவனிக்காமல் விட்டால் நம் தலைவரின் சட்டையை வேறு யாரோ தைப்பார்கள்.

நமக்குச் சொந்த மரபு இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதன் பெயரே 'பறையன்'. வசவாக வீசப்பட்ட சொல்லைப் பத்திரிகையின் முகப்பில் தலைப்பாக நிறுத்தினார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழுக்குப் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்ததால், இது யாருக்கான பத்திரிகை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. முகப்பு என்பது கொள்கை அறிவிப்பு என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டார்கள்.

சிறுத்தைச் சின்னத்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் அலபாமாவில், லௌண்டஸ் மாவட்டத்துக் கறுப்பின மக்கள் 1966இல் சொந்தக் கட்சி கட்டித் தேர்தலில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் நிறையப் பேர். வாக்குச்சீட்டில் படம் தேவை. எதிரே பல ஆண்டுகள் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற வாசகத்தைச் சுமந்த வெள்ளைச் சேவல். இவர்கள் வரைந்தது கருஞ்சிறுத்தை. அதே ஆண்டு ஓக்லண்டில் பிளாக் பாந்தர் கட்சி அதை எடுத்துக்கொண்டது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் பிறந்தது. அங்கிருந்துதான் சிறுத்தை தமிழ்நாட்டுச் சேரிச் சுவர்களுக்கு வந்தது.

அந்த பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகையை வடிவமைத்தவர் எமரி டக்ளஸ். சிறுவர் சீர்திருத்தப் பள்ளியின் அச்சகத்தில் வேலை பழகியவர். காசு இல்லாததால் கறுப்போடு இன்னொரு நிறம் மட்டும், தடித்த கோடுகள். அவர் படங்களில் அதிகம் இடம்பிடித்தவர்கள் வாடகை வீட்டுத் தாய்மார்கள், பசித்த பிள்ளைகள், வேலை செய்து களைத்த முதியவர்கள். சாதாரண ஏழையே அங்கே ஆளுயர முகம்.

இந்த அளவுகோலை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவருவோம். 2023 ஜனவரி 30 அன்று, தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பலத்த போலீஸ் காவலோடு நுழைந்தார்கள். அந்த நாளுக்கு ஒரு சுவரொட்டி செய்யச் சொன்னால் யார் முகத்தைப் பெரிதாக வைப்பீர்கள்? அதிகாரியையா, தலைவரையா? முதல்முறையாக வாசலைத் தாண்டிய ஒரு பாட்டியை வைத்து, கீழே ஊர்ப் பெயரும் தேதியும் '80 ஆண்டுகள்' என்ற இரண்டு சொற்களும் போட்டால் போதாதா? எங்கள் வகுப்பில் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி இதுதான். நீங்களும் செய்து பாருங்கள்.

கருவிக்குப் பஞ்சமில்லை. கையில் இருக்கும் போனில் பிக்ஸல்லேப், கேன்வா போதும். கணினி கிடைத்தால் இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் இலவசம். திருட்டு மென்பொருள் தேவையில்லை. முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்களை யாரும் காசில்லாமல் அச்சுக்கும் பயன்படுத்தலாம். டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். சில மென்பொருளில் யூனிகோடு தமிழின் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது அதற்கு ஒரு காரணம். அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகக் கொஞ்சம் மெனக்கெடலாம். பழைய எழுத்துருவில் அடித்த துண்டறிக்கையை இணையத்தில் போட்டால் தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்தால் கிறுக்கலாக வரும். நம் போராட்ட வரலாறு அப்படித் தொலையக் கூடாது.

அடுத்த ஏப்ரல் 14க்கு ஒரு முடிவு எடுப்போம், தோழர்களே. கோரிக்கை பெரிதாக இருக்கட்டும், முகங்கள் சிறிதாகட்டும். சுடுகாட்டுப் பாதை, பட்டா, கல்வி உதவித்தொகை என்று அந்தந்த ஊரின் பிரச்சினை மேலே வரட்டும். பெண்கள் பெயர் கடைசி வரிசையிலிருந்து முன்னே வரட்டும். சாதியைக் காட்டும் எந்த நிறக் கூட்டணியையும் காசு கொடுத்தாலும் செய்யமாட்டோம் என்று சொல்லும் துணிச்சல் ஒரு தம்பிக்கு வர, அவனுக்கு வேறு வேலை வேண்டும். எனவே தேர்ந்த வடிவமைப்பாளர்களாக நம் பிள்ளைகளை உருவாக்குவதும் இயக்க வேலைதான். பத்துப் பேர் சேர்ந்தால் சொந்தமாக ஒரு டிடிபி கடையே போடலாம்.

ஜெய்பீம்.