நீள்விடுமுறையும் நெடுந்தெருவும்

வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ போயா தினம் வந்து பொருந்துமாயின் மூன்று நாள் விடுமுறை கிடைத்துவிடுகின்றது. (1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையையே ஒதுக்கிவிட்டுப் போயாவை வார விடுமுறையாக்கிப் பார்த்த நாடு இது, அக்காலத்து வார நாள்களின் குழப்பம் தனியே எழுதத்தக்கதோர் அத்தியாயம்.) நாட்காட்டியில் இப்பொருத்தம் கண்ணிற் பட்டதும் நம்மவர் வீடுகளிலும் பாடசாலை ஆசிரியர் அறைகளிலும் எழும் வினா ஒன்றே: "எங்கே போவது?" வினா எழும் வேகத்திலேயே விடையும் வந்துவிடுகின்றது. நுவரெலியா, அஃதன்றேல் எல்ல.

குளிரை நாடிச் செல்லுதல் குற்றமன்று. வெயிலிலே வேகும் யாழ்ப்பாணத்தான் மலைக்காற்றை விரும்புவதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் கணக்கொன்றைப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வழியாக நுவரெலியா ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மூன்று நாளில் ஒன்றரை நாள் வேனுக்குள்ளே கழிகின்றது. அவ்வொன்றரை நாளும் யன்னற் சீலையை இழுத்து மூடிவிட்டுப் பாட்டும் படமுமாகப் பொழுதைப் போக்குகின்றோம். தெரு என்பது நமக்குச் சகித்துக்கொள்ள வேண்டிய ஓர் இடையூறு. போய்ச் சேரும் ஊரே பிரயாணம். அவ்வூரிலே நாம் செய்வதுதான் என்ன? வாவியிலே வள்ளம் விடுகின்றோம். ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று புகையிரதத்துக்குக் காத்திருக்கின்றோம். தேயிலைத் தோட்டத்து ஓரத்திலே வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கூடையை இரவல் வாங்கித் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றோம். அவள் பெயரை நாம் கேட்பதில்லை. அவளுடைய பாட்டியின் பாட்டி எவ்வழியாக அம்மலைக்கு வந்து சேர்ந்தாள் என்பதையோ கேட்க நினைப்பதுமில்லை.

அவ்வழி இன்னும் இருக்கின்றது. அதுவும் நம் வடபுலத்திலேயே தொடங்குகின்றது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை செல்லும் தெருவே அது. அடுத்த நீள்விடுமுறைக்கு எங்கே செல்வதென்று எண்ணுவோர், குறிப்பாக மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஊரொன்றைத் தெரிவு செய்வதை விடுத்து இத்தெருவைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதே என் துணிபு.

1823ஆம் ஆண்டை அண்டிக் கம்பளைப் பக்கத்திலே கோப்பித் தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வரண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள், கங்காணியின் பின்னே கடற்கரை வரை நடந்து, வள்ளங்களிலே மன்னார்க் கரையிற் வந்திறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். தண்ணீர் அரிது, வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன, நடக்க இயலாதவர் வழியிலே விடப்பட்டனர். பிற்காலத்தில் அரசாங்கம் தங்குமடங்களும் கிணறுகளும் அமைத்ததுண்டு. ஆனால் அதற்கு முன்னரே காட்டிற் கிடந்து மடிந்தோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. காலப்போக்கிற் கப்பலும் புகையிரதமும் வந்தன, நடைவழி கைவிடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கப்பெற்று இருகரைப் புகையிரதங்களும் இணைக்கப்பட்டபோது, கால்கடுக்க நடந்தவர்களின் பேரர்கள் பெட்டியிலே இருந்து சென்றனர்.

இவ்வரலாறு நூல்களில் உளதே, இதற்காக வண்டி பிடித்துப் போகவேண்டுமா என்று கேட்கலாம். நூல்களில் உளது, உண்மை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவலையோ புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையோ படித்தவர்கள் தோட்டத்து வாழ்வின் துயரை அறிவர். ஆயினும் தூரம் என்பது படித்து அறியும் பொருளன்று. மதவாச்சிக்கும் முருங்கனுக்கும் இடையேயுள்ள நீண்ட தெருவிலே, குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கி, நண்பகலில் ஒரு மைல் நடந்து பார்க்கும் மாணவனுக்கு, நூறு பக்கத்திலும் கிட்டாத ஒன்று கிட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர் முதல் நாட் காலை சங்குப்பிட்டிப் பாலம் வழியாகச் செல்லுதல் நன்று. 2011இல் அப்பாலம் திறக்கப்பட்டதன் பின் பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோரமாகவே மன்னாரை அடையலாம். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரமே. போர்க்காலத்தில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்த தெரு இது. அதனாலேதான் போலும், யாழ்ப்பாணத்து இளைஞர் பலருக்கு நுவரெலியாப் பூங்கா தெரிந்த அளவுக்கு மன்னார் தெரியாது.

மன்னாரிலே பார்க்கத்தக்கவை பல. பாலாவிக் கரையிலே சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். போர்த்துக்கேயர் இடித்து அழித்த அத்தலத்தை மீண்டும் எழுப்புமாறு 1872இல் நாவலர் விடுத்த வேண்டுகோள் பலரும் அறிந்ததே. போர்த்துக்கேயர் 1560இற் கட்டி ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றிய கோட்டை; அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கூறப்படும், பத்துப் பேர் கைகோத்தாலும் அணைத்தற்கரிய பள்ளிமுனைப் பெருக்கமரம்; மாரிகாலத்தில் வங்காலைச் சதுப்பிலே வந்திறங்கும் பூநாரைகள்; கடலோரமாக நிரைநிரையாய் நிற்கும் காற்றாலைகள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் திரும்பிய முஸ்லிம் மக்களின் ஊர்களும் இத்தீவிலே உள. அவற்றையெல்லாம் இங்கே விரிக்கிற் பெருகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடுமுறை வேண்டும் என்று மாத்திரம் சொல்லி அப்பாற் செல்கின்றேன்.

முதல் நாள் மாலைப்பொழுது தலைமன்னாருக்கு உரியது. பழைய இறங்குதுறை சிதைந்து நிற்கின்றது. எதிரே தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவே. கண்ணுக்குத் தெரியாவிடினும் அங்கே அது இருப்பதை மனம் உணரும். இவ்விடத்திலே ஆசிரியர் சற்று நின்று சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்துறை வந்தவர்களின் துறை மாத்திரம் அன்று, அனுப்பப்பட்டவர்களின் துறையுமாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இற் கைச்சாத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்குவதென்றும் எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் பார்த்துக்கொள்வதென விட்டுவைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலே தனுஷ்கோடியைப் புயல் அழித்தமையால் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. மலையிலே பிறந்து, மலையன்றி வேறொன்றும் அறியாதவர்கள், பெட்டி படுக்கையுடன் புகையிரதத்தில் வந்து, இத்துறையிலே நின்று, தாம் என்றுமே காணாத 'தாயகத்துக்கு'க் கப்பலேறினர். கப்பற் சேவை 1980களிற் போர் காரணமாக நின்றுபோயிற்று. அதன் பின் தண்டவாளமும் அழிந்து, 2015இலேதான் மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது.

இவ்விடயத்தில் வடபுலத்தார் பெருமைப்படுதற்கு அதிகம் இல்லை. குடியுரிமைப் பிரச்சினையில் நம் தலைவர்கள் ஒருமனப்பட்டு நின்றாரல்லர். 1949இல் தமிழ்க் காங்கிரசு பிளவுண்டு தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. தலைவர்களை விடுவோம். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிற் குடியேறியவர்கள் பல்லாயிரவர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளிலே முன்வாங்கிலும் பின்வாங்கிலும் இருக்கின்றனர். அவர்களை இன்னும் 'தோட்டக்காட்டார்' என்று காதுபடச் சொல்லும் வாய்கள் இல்லாமற் போய்விடவில்லை. வகுப்பிலே அச்சொல்லைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டு, விடுமுறையில் அதே மாணவரை ஏற்றிச் சென்று தேயிலைச் செடியின் அழகைக் காட்டும் ஆசிரியர் எதைக் கற்பிக்கின்றார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் தெருவின் நாள். முருங்கன் வயல்களையும், தாதுசேன மன்னன் காலத்ததாகக் கூறப்பெறும் கட்டுக்கரைக் குளத்தையும் கண்டு, மடுச் சந்தியைக் கடந்து மதவாச்சியை அடையலாம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் மிகிந்தலை, திறப்பனை, கெக்கிறாவை, தம்புள்ளை. மொழி மாறும், தேநீர்க் கடையிலே நமது அரைகுறைச் சிங்களத்துக்கு வேலை வரும், அதுவும் கல்வியே. மிகிந்தலையிலோ அநுராதபுரத்திலோ இராத் தங்கலாம். மூன்றாம் நாட் காலை நாலந்தாவிலே கெடிகே என்னும் கற்கோயிலைக் கண்டு செல்லுக. பௌத்தக் கட்டடமாயினும் திராவிடச் சிற்ப முறை அமைந்தது. நீர்த்தேக்கம் ஒன்று வந்தமையால் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீளக் கட்டப்பட்டது. பின்னர் பாளித் திரிபிடகம் ஏட்டிலே எழுதப்பெற்ற அளுவிகாரை; அதனை அடுத்து மாத்தளை. நடந்து வந்தோர் காட்டைக் கடந்து முதன்முதல் மலைக்காற்றைச் சுவாசித்த ஊர் அது. முத்துமாரியம்மன் கோயில் வாசலிலே வண்டியை நிறுத்தலாம்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, இதே வழியைச் சிலர் கால்நடையாகவே கடந்தனர். யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். பதினாறு நாள், ஏறத்தாழ 250 கிலோமீற்றர். காணி, வீடு, கூலி, மொழி என்னும் பழைய கோரிக்கைகளையே சுமந்து நடந்தனர். பத்திரிகைகள் படம் வெளியிட்டன. அந்நாள்களிலே நம் பாடசாலைகளுள் எத்தனை மாணவரைத் தெருவோரம் அழைத்துச் சென்று அவர்களுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்கச் செய்தன?

பிறர் இறந்த வழியை நாம் உல்லாசப் பிரயாணமாக்குவது தகுமா என்றொரு தடை எழலாம். நியாயமான தடைதான். சாவை வேடிக்கை பார்க்கப் போவதாயின் போகாதிருத்தலே மேல். லயங்களுக்குள் நுழைந்து அடுப்பையும் கட்டிலையும் படமெடுக்கும் வழக்கத்தையும் நான் வெறுக்கின்றேன். ஆனால் அத்தெருவில் இன்று வாழ்வோர் பலர். கருவாடு விற்போர், நெல் விதைப்போர், தேநீர் ஆற்றுவோர். வாங்கி உண்டு, பேசிச் சிரித்துச் செல்வதில் எவருக்கும் அவமதிப்பில்லை. வழிநெடுகத் துக்கம் காக்கும்படி மாணவரை நான் கேட்கவில்லை. பாடட்டும், யன்னற் சீலையை மாத்திரம் விலக்கிவிட்டுப் பாடட்டும்.

மாணவர் சலிப்படைவர் என்போருக்கு ஒரு யோசனை. புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனும் வழியிலுள்ள ஓர் ஊரைத் தனக்கென எடுத்துக்கொள்ளட்டும். அவ்வூர் வந்ததும் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் அவனே சொல்லட்டும். மலையகத்து வேரையுடைய மாணவர் இருப்பின், வீட்டிலே பாட்டி பாட்டனாரிடம் கேட்டு வரும்படி சொல்லலாம், விருப்பமில்லாதவனை வற்புறுத்தலாகாது. சாரதியிடமும் முதலிலேயே பேசிக்கொள்ளுதல் அவசியம். விரைவிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தம் திறமை என்று எண்ணும் சாரதிமார், கண்ட இடமெல்லாம் நிறுத்தச் சொன்னால் முகஞ்சுளிப்பர்.

காலம், மாசிக்குப் பின் ஆவணி வரை ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வெள்ளமும் வழி மறிக்கும். மடுமாதா திருவிழாக் கூடும் ஆடித் தொடக்கத்திலும் ஓகஸ்ட் நடுவிலும் மன்னார்த் தெருவில் வண்டி நெருக்கம் மிகுதி. கொழும்பிலிருந்து வருவோர் வெள்ளி இரவே மன்னாரை அடைந்துவிட்டால் மாத்தளையிலிருந்து வீடு திரும்புவது அவர்களுக்கு எளிது. யாழ்ப்பாணத்தார் மூன்றாம் நாள் நண்பகலில் மாத்தளையை விட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் சேரலாம். நான்காம் நாளும் விடுமுறை வாய்க்கப் பெற்றவர்கள் விரும்பினால் நுவரெலியாவுக்கும் போகலாம். மாத்தளையிலிருந்து மூன்று மூன்றரை மணி நேரந்தான்.